மோட்டார்ஹோம் கழுவ 95 டாலரா, 400 டாலரா, 1,300 டாலரா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறீர்கள். 31 அடி நீளமுள்ள பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது டிரைவர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை வீட்டு வண்டியை, வாங்கியிருக்கிறீர்கள். வெளிப்புறத்தைக் கழுவ மூன்று இடங்களில் விலை விசாரித்தீர்கள். நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் வாஷில் 95 டாலர் என்றார்கள். வீட்டுக்கே வந்து கழுவுகிறவர் 400 கேட்டார். வண்டியைப் பாலிஷ் போட்டுப் புதுசு போல ஆக்கும் டீடெய்லிங் கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு 1,300 என்றார். இதில் யார் ஏமாற்றுகிறார், நியாயமான விலை எது என்பது உங்கள் கேள்வி. அரிசோனாவில் ஆர்.வி. (மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டிகள்) பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் கழுவுவது, பாலிஷ் போடுவது, கூரையில் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் சீலன்ட் பூச்சைப் பார்ப்பது என்று வெளிப்புற வேலைகளைப் பல வருடம் பார்த்தவன் நான். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: மூவரில் யாரும் ஏமாற்றவில்லை. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் "கழுவுவது" என்ற ஒரே பெயரால் அழைப்பதால் வந்த குழப்பம் இது. எனவே உங்கள் வண்டிக்கு இப்போது எந்த வேலை தேவை என்பதை முடிவு செய்தால், எந்த விலை நியாயம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

காரைக் கழுவ 15, 20 டாலர் கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த விலைகள் அதிர்ச்சியாக இருப்பது இயல்பு. தானியங்கி கார் வாஷ் பெரும்பாலானவற்றில் உயர வரம்பு 7 அடி சொச்சம்தான். உங்கள் வண்டி ஏ.சி. பெட்டியையும் சேர்த்தால் 11 அடி வரும். அந்த வழி அடைத்துவிட்டது, மனிதக் கைதான் கழுவ வேண்டும். பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 31 அடி நீளம், சுவர் சுமார் 9 அடி உயரம், இரண்டு பக்கமும் சேர்த்து 558 சதுர அடி. கூரை அகலம் 8 அடி என்று வைத்தால் 248. முன்னும் பின்னும் சேர்த்து 144. மொத்தம் 950 சதுர அடி. அதில் பாதிக்கு மேல் தரையில் நின்று கை எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஏணி, நீளக் கைப்பிடி பிரஷ், கூரை மேல் ஏறத் தெரிந்த ஆள் என்று எல்லாம் வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலில் எல்லோரும் அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறோம். நீளம் கூடினால் வேலை கூடும் என்பது நேரான கணக்கு. ஆனால் "அடிக்கு இவ்வளவு" என்பதற்குள் என்னென்ன வேலை அடக்கம் என்பது கடைக்குக் கடை மாறும். நீங்கள் துருவிக் கேட்க வேண்டியது அதைத்தான்.

முதலில் அந்த 95 டாலர். ட்ரக் வாஷ் என்பது பெரிய லாரிகளுக்காக இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை ஓரங்களில் இருக்கும் இடம். கன்சாஸ் மாநிலம் சலைனாவைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ளூ பீக்கன் போன்ற நிறுவனங்கள் பல மாநிலங்களில் இப்படி நடத்துகின்றன. மோட்டார்ஹோமும் கழுவிக் கொடுப்பார்கள். நீங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். இரண்டு மூன்று பேர் இரு பக்கமும் நின்று சோப்பு அடித்து, அழுத்த நீரில் அலசி, 20 முதல் 30 நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். சாலைத் தூசி, சேறு, குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு இதெல்லாம் போக வேண்டும் என்றால் இதை விடச் சிக்கனமான வழி கிடையாது. வடக்கே பனியில் ஓட்டிவிட்டு வந்தால், அடிப்பாகத்தில் உப்பு தங்கித் துருப்பிடிக்கும் முன் இப்படி ஒரு அலசு அலசிவிட்டு வருவது அவசியம் என்றே சொல்வேன். ஆனால் இதில் என்ன கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக யாரும் கூரை மேல் ஏறித் தேய்க்க மாட்டார்கள். துணியால் துடைத்து உலர்த்த மாட்டார்கள். காய்ந்து ஒட்டிய பூச்சியும் கறுப்புக் கோடுகளும் பாதிதான் போகும்.

ட்ரக் வாஷுக்குப் போனால் வரிசையில் நிற்கும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, பிரைட்னர் வேண்டாம். லாரிகளின் அலுமினியச் சக்கரம், டேங்க் எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்க அமிலம் கலந்த ஒரு திரவம் அடிப்பார்கள். பாலிஷ் செய்த அலுமினியத்திலும் பெயின்டிலும் அது பட்டால் மங்கல் விழும், அந்த மங்கல் கழுவினால் போகாது. இரண்டு, ஸ்டிக்கர் ஓரங்கள், ஜன்னல் ரப்பர், பக்கவாட்டில் இருக்கும் ஃபிரிட்ஜ் வென்ட், ஹீட்டர் புகைபோக்கி ஆகிய இடங்களில் தண்ணீரை நேராகக் குத்தி அடிக்க வேண்டாம். கூரை வென்ட்கள் மூடியிருக்கின்றனவா என்று கிளம்பும் முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்பார்கள். சொல்லாவிட்டால் லாரியைக் கழுவுகிற மாதிரிதான் கழுவுவார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை.

அடுத்தது 400 டாலர். 31 அடிக்கு 400 என்றால் அடிக்குக் கிட்டத்தட்ட 13 டாலர். கையால் கழுவி, துடைத்து, உலர்த்திக் கொடுக்க நான் பார்த்த வரையில் அடிக்கு 10 முதல் 15 டாலர் வழக்கமான விலை. கலிஃபோர்னியா கடலோரம் மாதிரி கூலி அதிகமான இடங்களில் இன்னும் கூடும், சின்ன ஊர்களில் குறையும். இந்தப் பணம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். இரண்டு ஆள் இரண்டு, இரண்டரை மணி நேரம் நிற்கிறார்கள். வருகிற வழி, போகிற வழி, அதற்கான பெட்ரோல் தனி. பல இடங்களில் தண்ணீரையும் தாங்களே கொண்டுவர வேண்டும். 100 கேலன் தண்ணீர் என்றால் 834 பவுண்டு, அதாவது 378 கிலோ எடை. அதை இழுக்கப் பெரிய வண்டியோ டிரெய்லரோ வேண்டும். மேலே பொறுப்புக் காப்பீடு, பிரஷ், மைக்ரோஃபைபர் துணி, சோப்பு. 20 அடி வேனாக இருந்தாலும் இந்தச் செலவில் பாதி அப்படியே இருப்பதால்தான் சின்ன வண்டிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். எனவே 400 என்பது கூரையையும் சேர்த்து என்றால் நல்ல விலை. கூரை சேராமல் என்றால் சற்று அதிகம். உங்கள் கேள்வியில் இந்த விவரம் இல்லை, அவரிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மோட்டார்ஹோமின் ஆயுள் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. கீழே நின்று பார்க்கிற யாருக்கும் கண்ணில் படாத பகுதி அது. உங்கள் வண்டியின் கூரை இ.பி.டி.எம். என்கிற ரப்பராகவோ, டி.பி.ஓ. என்கிற பிளாஸ்டிக் விரிப்பாகவோ, ஃபைபர்கிளாஸாகவோ இருக்கும். இ.பி.டி.எம். ரப்பர் வெயிலில் வயதாக ஆக மேற்பரப்பில் வெள்ளைப் பொடி விடும். மழை பெய்யும்போது அந்தப் பொடியும் தூசியும் கரைந்து பக்கச் சுவரில் கோடு கோடாக இறங்கும். பக்கத்தைப் பளபளவென்று கழுவிவிட்டு கூரையை அப்படியே விட்டால் அடுத்த மழைக்கே வண்டி பழையபடி ஆகிவிடுவது இதனால்தான். கூரையைக் கழுவாமல் பக்கத்துக்கு மட்டும் காசு கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. சோப்பிலும் கவனம் வேண்டும். பெட்ரோலியக் கலப்புள்ள கிளீனரோ, ஆரஞ்சு எண்ணெய் போன்ற சிட்ரஸ் கலந்ததோ இ.பி.டி.எம். மேல் பட்டால் ரப்பர் உப்பி, பசை விட்டுவிடும். மிதமான சோப்பும் மென்மையான பிரஷும் போதும். ஒரு நல்ல ஆள் வேலையைத் தொடங்கும் முன் "கூரை என்ன மெட்டீரியல்?" என்று உங்களிடம் கேட்பார், அல்லது ஏறிப் பார்த்து அவரே சொல்வார். கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

கூரை கழுவுவதில் இன்னொரு லாபம், அதுதான் பெரிய லாபம். சுத்தமான கூரையில்தான் சீலன்ட் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியும். வென்ட், ஏ.சி., ஸ்கைலைட், ஆன்டெனா, குழாய்கள் என்று கூரையில் ஓட்டை போட்ட ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் தடிமனாக ஒரு சீலன்ட் ஊற்றியிருப்பார்கள். வெயிலில் அது சுருங்கி, ஓரத்தில் தலைமுடி அளவுக்கு விரிசல் விடும். அழுக்கு மூடியிருந்தால் அந்த விரிசல் தெரியாது. கழுவி உலர்ந்த பிறகு ஓரத்தில் கட்டை விரலை வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சீலன்ட் கூரையோடு சேர்ந்து நகர்ந்தால் பிடிப்பு இருக்கிறது. ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அந்த வழியே தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கலாம். கிளாஸ் சி வண்டியில் டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதியின் முன் மூலைகளை இன்னும் கவனமாகப் பாருங்கள், இந்த வகை வண்டிகளில் ஒழுக்கு அதிகம் தொடங்குகிற இடம் அது. சீலன்ட் டியூப் ஒன்று 15 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். தண்ணீர் உள்ளே இறங்கி மரச்சட்டம் உளுத்துவிட்டால் பழுதுபார்க்கும் செலவு ஆயிரங்களில் போகும், சில சமயம் வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். நான் கூரை கழுவினால் சீலன்ட் போட்டோ எடுத்து உரிமையாளருக்குக் காட்டாமல் இறங்குவதில்லை. உங்களுக்கு வருகிறவரிடமும் அப்படி எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலோர் தனிக் காசு கேட்காமல் செய்வார்கள்.

இப்போது 1,300. அடிக்குக் கிட்டத்தட்ட 42 டாலர். வெறும் கழுவலுக்கு இது என்றால் பகல் கொள்ளை. ஆனால் போட்டோவைப் பார்த்துவிட்டு அவர் இதைச் சொன்னார் என்பதை வைத்து, அவர் ஆக்சிடேஷன், அதாவது வெயிலில் மங்கிப் பொடிந்த மேல்தோலை எடுக்கும் வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பழைய மோட்டார்ஹோம்களின் சுவர் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ், அதன் மேல் ஜெல்கோட் என்று ஒரு பூச்சு. டெக்சாஸ் வெயிலில் வேக்ஸ் என்கிற மெழுகுப் பூச்சு இல்லாமல் சில வருடம் நின்றால் அந்தப் பூச்சின் மேல்தோல் பட்டுப்போய் மங்கிவிடும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வண்டியைக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, வெயில் அதிகம் படுகிற பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே, அந்த மாதிரி கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் ஆக்சிடேஷன் இருக்கிறது. கை சுத்தமாக வந்தால் இல்லை, அல்லது லேசாகத்தான் இருக்கிறது. கறுப்பு, சிவப்பு போன்ற அடர்நிறம் என்றால் பொடி அந்த நிறத்திலேயே வரும். கழுவாமல் இந்தச் சோதனையைச் செய்தால் தூசியைப் பொடி என்று நினைத்துவிடுவீர்கள், அதனால் முதலில் கழுவுங்கள்.

பொடி ஒட்டினால் சோப்பு எத்தனை முறை போட்டாலும் பளபளப்பு வராது. வேக்ஸும் அதன் மேல் நிற்காது. காம்பவுண்ட் என்கிற அரைப்புப் பசையை மெஷினில் வைத்து அந்தச் செத்த மேல்தோலை எடுத்து, அப்புறம் பாலிஷ், அதற்கும் மேல் வேக்ஸ் அல்லது அது போன்ற காப்புப் பூச்சு என்று மூன்று சுற்று வேலை இருக்கிறது. 31 அடி வண்டிக்கு இரண்டு ஆளுக்கு ஒரு முழு நாள், மோசமாக இருந்தால் இரண்டு நாள் பிடிக்கும். அடிக்கு 35 முதல் 50 டாலர் கேட்பது இந்த வேலைக்குச் சாதாரணம். எனவே 1,300 என்பது அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. நடுவில் இன்னொரு வேலையும் உண்டு: ஆக்சிடேஷன் இல்லாத வண்டியைக் கழுவி, ஒரு சுற்று வேக்ஸ் மட்டும் போடுவது. அதற்கு அடிக்கு 20 முதல் 25 டாலர், உங்கள் வண்டிக்கு 620 முதல் 775 வரை வரும். கையில் பொடி ஒட்டவில்லை என்றால் இதுதான் உங்களுக்கான வேலை, 1,300 தேவையே இல்லை.

டீடெய்லிங் கடையிடம் பணம் கட்டும் முன் ஒரு சோதனைத் துண்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தை டேப் ஒட்டிப் பிரித்து, அவர் சொல்கிற எல்லாச் சுற்றும் அதில் மட்டும் செய்து காட்டட்டும். அரை மணி நேர வேலை. டேப்பைப் பிரித்ததும் உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் தெரிந்தால் காசுக்கு மதிப்பு உண்டு. வித்தியாசம் தெரியவில்லை என்றால் இரண்டில் ஒன்று: அங்கே ஆக்சிடேஷன் இல்லை, அல்லது ஜெல்கோட் தேய்ந்து தீர்ந்துவிட்டது. ஜெல்கோட் தீர்ந்த இடத்தில் எந்தக் காம்பவுண்டும் வேலை செய்யாது, பெயின்ட்தான் வழி. போட்டோவை வைத்து இதைச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. உங்கள் வண்டி ஜெல்கோட் இல்லாமல் முழுக்கப் பெயின்ட் அடித்து மேலே கிளியர்கோட் என்கிற நிறமற்ற பூச்சு போட்டதாக இருந்தால் கதை வேறு. கிளியர்கோட் மெல்லியது, முரட்டுக் காம்பவுண்ட் அதை ஊடுருவிப் போய்விடும். கார் பெயின்ட் அனுபவம் உள்ள ஆளைத்தான் அதில் கை வைக்க விட வேண்டும். வண்டியில் ஒட்டியிருக்கும் கோடு, படம் போன்ற வினைல் டெக்கல்கள் வெடித்துப் போயிருந்தால் மெஷின் அவற்றின் மேல் போகக் கூடாது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். வெடித்த டெக்கலை எந்தக் கழுவலும் மீட்டுத் தராது.

வேக்ஸுக்குப் பதில் நீண்ட நாள் நிற்கும் என்று சொல்லும் செராமிக் கோட்டிங் என்கிற பூச்சைப் போடச் சொல்லி உங்களிடம் நிச்சயம் பேசுவார்கள். இந்த நீளத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் வேலை அது. இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது: சரியாகத் தயார் செய்த பரப்பில் போட்டால் அழுக்கு ஒட்டுவது குறைகிறது, கழுவுவது பாதி நேரத்தில் முடிகிறது. சந்தேகம் எங்கே என்றால், ஐந்து வருடம், ஏழு வருடம் தாங்கும் என்கிற வாக்குறுதிகளில். கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கும் வருடம் முழுக்க வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கும் ஒரே ஆயுள் இருக்க வாய்ப்பில்லை. உத்தரவாதச் சீட்டைப் படித்தால் வருடாவருடம் அதே கடையில் பராமரிப்பு செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பழைய வண்டிக்கு, அதுவும் எத்தனை வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று தெரியாத நிலையில், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வேக்ஸ் போடுவதே போதும் என்பது என் கருத்து. இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல தொழில்காரர்களும் இருக்கிறார்கள்.

பில்லில் தனியாக ஏறக்கூடிய சில்லறைச் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். கால்வெஸ்டன் போன்ற வளைகுடாக் கரையோரம் மே மாதத்திலும் செப்டம்பரிலும் போய் வந்தால் லவ்பக் என்கிற பூச்சி முன்பக்கம் முழுக்க அப்பிக்கொள்ளும். வெயிலில் விட்டால் பெயின்டையே அரித்துவிடும். அதைச் சுரண்டக் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துண்டைக் கால் மணி நேரம் போர்த்தி ஊற வைத்தால் தானாக விட்டுவரும். இந்தக் காத்திருப்புக்குத்தான் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கூரை ஓரத்தில் தண்ணீர் வடியும் குழாய் மூக்குக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கோட்டை எடுப்பதையும் சிலர் தனியாகச் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். ஸ்லைடு என்கிற, வெளியே நீட்டக்கூடிய அறைப் பகுதியை வெளியே தள்ளிய நிலையில் அதன் மேல்பக்கத்தைக் கழுவுவது, ஆவ்னிங் என்கிற பக்கவாட்டு நிழல் துணியை விரித்துக் கழுவுவது இவையும் அப்படித்தான். ஆவ்னிங்கைக் கழுவினால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். வேலை முடிந்த அவசரத்தில் பல பேர் விட்டுவிடுகிற இடம் இது. டயருக்குப் பளபளப்பு போடுகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மோட்டார்ஹோம் டயர் ஓடித் தேய்வதற்கு முன் வயதாகி வெடிக்கிறது. பெட்ரோலியம் கலந்த பளபளப்புத் திரவம் அதற்கு நல்லதல்ல, சோப்பும் தண்ணீரும் போதும். டயரைக் கழுவுகிற சாக்கில் அதன் மேல் "DOT" என்று தொடங்கும் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய வண்டி வாங்கியவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய எண் இது.

விலை ஏறுவதற்கு இன்னொரு நியாயமான காரணம், அழுக்குத் தண்ணீர். அமெரிக்காவில் தெருவோர மழைநீர் வடிகால் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஓடைக்கும் ஏரிக்கும் போய்விடுகிறது. 1972இன் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் இதை நகராட்சிகள் கட்டுப்படுத்துகின்றன. தொழிலாகக் கழுவுகிறவர் சோப்புத் தண்ணீரைத் தெருவில் விட்டால் அபராதம் விழலாம். அதனால் சிலர் வண்டிக்கு அடியில் பெரிய விரிப்பு போட்டு, வழிகிற தண்ணீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போவார்கள். அவர் மற்றவரை விட 50, 60 டாலர் அதிகம் கேட்டால் அது அதற்கான விலை. ஆர்.வி. பார்க்கில் தங்கியிருக்கும்போது கழுவ நினைத்தால் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பல பார்க்குகளில் கழுவவே அனுமதி இல்லை. சிலவற்றில் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், சிலவற்றில் அவர்கள் பட்டியலில் உள்ள ஆட்கள் மட்டுமே வரலாம். வீட்டு முன்னால் நிறுத்திக் கழுவுவதற்குக் குடியிருப்புச் சங்க விதி தடையாக இருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அவர் பிரஷர் வாஷரை எப்படிப் பிடிக்கிறார் என்பதைத்தான். அழுத்த நீர் தப்பே இல்லை, கூர்மையான முனையை நெருக்கமாகப் பிடிப்பதுதான் தப்பு. சீலன்ட் கிழியும், டெக்கல் உரியும், ஸ்லைடு ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். சுவரில் எங்காவது கொப்புளம் மாதிரி உப்பியிருந்தால் உள்ளே ஒட்டு விட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே அழுத்த நீர் படவே கூடாது. கூரை மேல் பிரஷர் வாஷர் போடுவேன் என்கிறவரை நான் ஏற விட மாட்டேன். அடுத்தது காப்பீடு. ஈரமான கூரையில் 11 அடி உயரத்தில் ஆள் நிற்கிறார், விழுந்தால் யார் பொறுப்பு? வண்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு? காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்டால் தொழில்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மழுப்பினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பேசிய வேலையை இரண்டு வரியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கூரை உண்டா, துடைத்து உலர்த்துவது உண்டா, வேக்ஸ் என்றால் தண்ணீரோடு தெளித்துவிடும் ஸ்ப்ரேயா, மெஷினால் தேய்க்கிற வேக்ஸா. ஸ்ப்ரே சில வாரத்தில் போய்விடும், மற்றது பல மாதம் நிற்கும். இரண்டுக்கும் பில்லில் ஒரே பெயர்தான் இருக்கும்.

நீங்களே கழுவலாமா என்றால், தாராளமாக. நீளக் கைப்பிடியோடு மென்மையான பிரஷ், நல்ல சோப்பு, இரண்டு வாளி, துணிகள் எல்லாம் சேர்த்து 100 டாலருக்குள் முடியும். தனி ஆளாக முதல் தடவை அரை நாள் பிடிக்கும். ஒரு பக்கத்தை முழுக்கச் சோப்பு போட்டுவிட்டு அலசலாம் என்று நினைக்காதீர்கள், எட்டு பத்து அடியாகப் பிரித்துக்கொண்டு சோப்பு காயும் முன் அலசிக்கொண்டே போங்கள். மேலிருந்து கீழே வர வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், இருக்கிற வேக்ஸையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கூரையில் ஏறுவதற்கு முன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள், எல்லாக் கூரையும் ஆள் நடக்கத் தக்கதல்ல. ஈரமான ரப்பர் கூரை பயங்கரமாக வழுக்கும். முழங்கால் வலி, தலைசுற்றல் எது இருந்தாலும் கூரையை மட்டும் ஆளுக்கு விட்டுவிட்டு பக்கத்தை நீங்கள் கழுவுங்கள், அதற்குத் தனி விலை பேசலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் அந்த 400 டாலர்காரரைக் கூரையோடு சேர்த்துக் கழுவ வைப்பேன், சீலன்ட் போட்டோவும் வாங்குவேன். வண்டி காய்ந்ததும் உள்ளங்கைச் சோதனை. சீலன்டில் விரிசல் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைச் சரிசெய்வேன், பளபளப்பு காத்திருக்கலாம். கையில் பொடி ஒட்டினால் இந்த வருடம் ஒரு தடவை அந்த 1,300 வேலை, சோதனைத் துண்டு பார்த்த பிறகு. அது முடிந்துவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து இலையுதிர் காலத்தில் 700 சுமாருக்கு வேக்ஸோடு ஒரு கழுவல், வசந்தத்தில் கூரையோடு 400க்கு ஒன்று, பயணம் முடிந்து வரும்போது ட்ரக் வாஷ் இரண்டு மூன்று தடவை. ஆக வருடத்துக்கு 1,300 முதல் 1,400 டாலர். வசந்தக் கழுவலை நீங்களே செய்தால் ஆயிரத்துக்குள் நிற்கும். டிப்ஸ் இதில் சேர்க்கவில்லை, வெயிலில் கூரை மேல் நின்றவருக்கு 10, 15 சதவீதம் கொடுப்பது இங்கே வழக்கம்.

டல்லாஸில் ஜூலை, ஆகஸ்டில் கழுவுவதாக இருந்தால் காலை 7 மணிக்கே வரச் சொல்லுங்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் சோப்பு அலசும் முன்பே காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும், தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் வெள்ளைப் புள்ளியும் நிற்கும். காம்பவுண்ட், வேக்ஸ் வேலையை அக்டோபருக்குத் தள்ளிவைப்பது நல்லது. சுவர் சூடாக இருக்கும்போது காம்பவுண்ட் உடனே உலர்ந்து மெஷின் இழுக்கும், வேலையும் சுத்தமாக வராது. கையில் பொடி ஒட்டியதா இல்லையா, கூரை என்ன மெட்டீரியல் என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். மீதியை அதற்கேற்பச் சொல்கிறேன்.